தசைக் காயமுற்ற நாய்களுக்குத் தடவு சிகிச்சை

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் தென்பகுதியிலிருந்த தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே செல்கிறது. ஆயினும் கோட்டின் இருபுறத்தும் மண் ஒன்றே, பயிர் ஒன்றே, மக்களின் பழக்கவழக்கங்களும் பெரும்பாலும் ஒன்றே. அப்பழக்கங்களுள் குறிப்பிடத்தக்கது உடம்புக்கு எண்ணெய் தடவி உழியும் முறையாகும். வர்ம ஆசான்களும் களரிப் பயிற்சியும் நெடுங்காலம் செழித்திருந்த இந்நாட்டில், சுளுக்கு, சதைப்பிடிப்பு, இரத்தக்கட்டு எனக் கேட்டவுடனே எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவது இயல்பாயிற்று.

வீட்டு நாய் நொண்டினாலும் இதே பழக்கம் பின்பற்றப்படுகிறது. அன்பின் காரணமாகச் செய்யப்படும் இச்செயல், தக்க காலத்தில் தக்க முறையில் செய்யப்படின் பெரும் பயன் தரும். தகாத காலத்தில் செய்யப்படின் காயத்தை மிகுவிக்கும். சில வேளைகளில் செய்பவரின் உயிருக்கே தீங்காக முடியும். ஆதலின் கிராமப் பணியாளர்களும் ஆசிரியர்களும் இப்பொருளைச் செவ்வனே அறிந்திருத்தல் வேண்டும்.

தசையின் அமைப்பு

நாயின் உடலில் எலும்புகளை அசைக்கும் தசைகள் மெல்லிய நார்களால் ஆனவை. பல நார்கள் சேர்ந்து ஒரு கற்றையாகவும், பல கற்றைகள் சேர்ந்து ஒரு தசையாகவும் அமைகின்றன. ஒவ்வொரு கற்றையையும் ஒரு மெல்லிய உறை சூழ்ந்துள்ளது. தசையின் முனை, வெண்மையும் உறுதியும் உடைய தசைநாணாக மாறி எலும்பில் பற்றிக்கொள்கிறது. நூற்கண்டுகளைத் தறியில் ஏற்றும் பாலராமபுரத்து நெசவாளருக்கு இவ்வமைப்பை விளக்குதல் எளிது: இழைகள் ஒன்றிரண்டு அறுந்தால் பாவு நிற்கும், பல இழைகள் ஒருங்கே அறுந்தால் பாவு தளரும், எல்லாம் அறுந்தால் நெய்தலே நின்றுபோகும். தசைக்காயமும் இவ்வாறே மூன்று படிகளில் அமைகிறது.

நாய் அசையாது நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கை முன்கால்களும், 40 பங்கைப் பின்கால்களும் தாங்குகின்றன. அன்றியும், மனிதனுக்குள்ளதுபோல் தோளை உடலோடு இணைக்கும் முறையான காறையெலும்பு நாய்க்கு இல்லை. அதன் முன்கால்கள் தசைகளாலேயே உடலோடு பிணைக்கப்பட்டுள்ளன. உயரத்திலிருந்து குதிக்கும்போது ஏற்படும் அதிர்ச்சி முழுவதையும் இத்தசைகளே ஏற்கின்றன. பின்கால்களின் தசைகளோ உடலை முன்னே உந்துவதற்கானவை. ஓட்டத்தின்போதும் சட்டெனத் திரும்பும்போதும் தொடையின் உட்புறத் தசைகளும், இடுப்பின் அடியிலுள்ள தசைகளும் எளிதில் கிழிவது இதனாலேயே.

காயம் நேரும் வழிகள்

எல்லைக் கிராமங்களின் நிலம் மேடுபள்ளமானது. சரிவுகளில் விளைகள் தட்டுத்தட்டாக வெட்டப்பட்டு, விளிம்புகளில் கல் கையாலைகள் கட்டப்பட்டுள்ளன. விடியுமுன் ரப்பர் பால் வெட்டச் செல்வோரின் பின்னே வீட்டு நாயும் செல்கிறது. இருளில், மழையால் வழுக்கும் கையாலையிலிருந்து அது குதிக்கும்போதும், கீரியையோ முயலையோ துரத்தித் திடீரெனத் திரும்பும்போதும் தசை இழுபடுகிறது. திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் இணைக்கும் பெருஞ்சாலையில் வண்டிகளில் அடிபடுதல் மற்றொரு காரணம். நாய்கள் தம்முள் சண்டையிட்டுக் கடித்துக்கொள்வதாலும், எப்போதும் கட்டிவைக்கப்பட்ட நாய் ஒருநாள் அவிழ்த்துவிடப்பட்டு மிகுதியாக ஓடுவதாலும் தசைகள் காயமுறுகின்றன.

தமிழ்நாட்டின் சிப்பிப்பாறை, கன்னி முதலிய நாய்கள் மெலிந்த உடலும் நீண்ட கால்களும் கொண்டு விரைந்தோடுபவை. இத்தகைய ஓட்ட நாய்களில் தொடைத் தசை கிழிதல் நன்கு அறியப்பட்டதாகும். லாப்ரடார் முதலிய கனத்த நாய்களில் நொண்டுதலுக்குத் தசையைவிட இடுப்பு மூட்டோ, முழங்கால் மூட்டோ காரணமாயிருத்தல் மிகுதி. ஆதலின் நொண்டும் நாயெல்லாம் தசைக்காயம் உற்றது எனக் கொள்ளலாகாது.

எந்தக் கால் என அறிதல்

நாயைக் கயிற்றில் பிடித்துச் சமதரையில் நேராக மெதுவாக நடத்திப் பார்த்தல் வேண்டும். முன்காலில் வலி இருப்பின், அக்கால் தரையில் படும்போது நாய் தலையை உயர்த்தும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். எடையை வலியுள்ள காலிலிருந்து விலக்குவதே இதன் நோக்கம். பின்காலில் வலி இருப்பின், அப்பக்கத்து இடுப்பு மற்றதைவிட மேலெழுந்து அசையும். மாணவர்களுக்குப் பார்த்தறியும் பயிற்சியாக இதனைச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் தொலைவில் நின்று பார்ப்பதற்கு மட்டுமே அவர்களை அனுமதித்தல் வேண்டும்.

தொடுவதற்கு முன் எண்ண வேண்டியவை

இக்கட்டுரையில் கூறப்படுவனவற்றுள் மிக முக்கியமானது இப்பகுதியாகும்.

வெறிநாய்க்கடி நோய் இருவகைத் தோற்றங்களில் வரும். ஒன்று, நாய் மூர்க்கங்கொண்டு கண்டதைக் கடிக்கும் வகை. இதனை எல்லோரும் அறிவர். மற்றொன்று ஊமை வெறி. இதில் நாய் எவரையும் துரத்துவதில்லை. அது ஒதுங்கிக் கிடக்கும், கால்கள் தளரும், பெரும்பாலும் பின்புறம் தள்ளாடும், கீழ்த்தாடை தொங்கி எச்சில் ஒழுகும், குரல் மாறும். இதனைக் காண்போர், நாய்க்கு இடுப்பில் அடிபட்டது என்றோ, தொண்டையில் எலும்பு சிக்கியது என்றோ எண்ணி, இரக்கத்தால் கால்களைத் தடவவும் வாய்க்குள் கைவிடவும் முற்படுவர். அந்நாயின் எச்சிலில் நோய்க்கிருமி உள்ளது. நோய்க்குறிகள் தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடுகிறது. ரப்பர் வெட்டும் கத்தியாலோ முள்ளாலோ கையில் கீறல் இருப்பின், எச்சில் அதிற் படுதலே போதும், கடித்தல் வேண்டுவதில்லை. நோய் வெளிப்பட்டபின் மனிதனைக் காப்பாற்றுதல் ஏறத்தாழ இயலாதது. வெளிப்படுமுன் தடுத்தலோ முற்றும் இயலக்கூடியது.

ஆகவே, அடிபட்டதாக யாரும் காணாமல் கால் தளர்ந்த நாயையும், தடுப்பூசி போடப்பட்டதற்கு அத்தாட்சியில்லாத நாயையும், அண்மையில் வேறு நாயால் கடிபட்ட நாயையும் தொடாமல் கால்நடை மருத்துவருக்கு அறிவித்தலே முறை. தெரு நாய்களுக்குத் தடவு சிகிச்சை செய்ய எவரும் தாமாக முற்படலாகாது.

எச்சில் பட்டாலோ, கீறினாலோ, கடித்தாலோ, உடனே அவ்விடத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய், காப்பித்தூள் ஆகிய எதையும் காயத்தில் வைத்தல் கூடாது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி தொடங்குதல் வேண்டும். மருத்துவர் குறித்த நாட்களில் ஒன்றையும் தவறவிடலாகாது. காயம் ஆழமாயிருப்பினும், புண்ணிலோ வாய், கண் முதலியவற்றின் உட்தோலிலோ எச்சில் பட்டிருப்பினும் தடுப்பூசியுடன் எதிர்ப்பு ஊநீரும் தேவைப்படும். வயிற்றில் பல ஊசிகள் போட வேண்டுமென்ற அச்சம் பழங்காலத்து மருந்தைப் பற்றியது. இப்போதைய ஊசி கையில் போடப்படுவது.

நாயின் தசைவலி போன்று தோன்றும் மற்றொரு நோய் எலிக்காய்ச்சல். மழைக்காலத்தில் வயல்களிலும் தேங்கிய நீரிலும் அலையும் நாய்க்கு இது தொற்றுகிறது. நாய் உடல் விறைத்து, நகர விரும்பாமல் கிடக்கும், தொட்டால் முனகும், காய்ச்சல் காணும், சிலவற்றில் கண்களும் ஈறுகளும் மஞ்சளாகும். அதன் சிறுநீர் வழியாக மனிதருக்கும் நோய் பரவக்கூடும். உண்ணிகளால் பரவும் காய்ச்சலிலும் நொண்டுதல் உண்டு. நாயின் இயல்பான உடல் வெப்பம், ஆசனவாயில் அளக்கும்போது, ஏறத்தாழ 101 முதல் 102.5 பாகை ஃபாரன்ஹீட் வரை இருக்கும். அதற்கு மேற்பட்டிருப்பின் தடவு சிகிச்சை செய்யலாகாது. காய்ச்சலின் காரணத்தை முதலில் மருத்துவர் கண்டறிதல் வேண்டும்.

எலும்பு முறிவு, மூட்டு விலகல், திறந்த புண், சீழ்க்கட்டி, கட்டிகள், தோல்நோய், முதுகுத்தண்டில் அடி ஆகியவை உள்ள நாய்களுக்கும் தடவுதல் விலக்கப்பட்டது. கால் இயல்பற்ற கோணத்தில் தொங்குதல், அசைக்கும்போது நறநறவென்ற உணர்ச்சி, காலை ஊன்றவே மறுத்தல் ஆகியவை முறிவின் குறிகள்.

காயம் ஆறும் மூன்று நிலைகள்

தசை கிழிந்தவுடன் சிறு இரத்தக் குழாய்களும் கிழிகின்றன. இரத்தம் கசிந்து வீக்கமும் வெப்பமும் வலியும் உண்டாகின்றன. இது முதல் நிலை; ஏறத்தாழ 2 அல்லது 3 நாட்கள் நீடிக்கும். இந்நாட்களில் இரத்த வெள்ளணுக்கள் வந்து சிதைந்த நார்களை அகற்றுகின்றன. வீக்கத்தைத் தீங்கென்று மட்டும் கருதுதல் பிழை. இடிந்த சுவரைக் கட்டுமுன் கல்லும் மண்ணும் அகற்றப்படுவது போன்றதே இது.

இரண்டாம் நிலையில், தசைநார்களை ஒட்டி உறங்கிக்கிடக்கும் சிற்றணுக்கள் விழித்துப் பெருகிப் புதிய நார்களை உண்டாக்குகின்றன. அதே வேளையில் கிழிந்த இடத்தை ஒட்டவைக்கும் தழும்பிழையும் வளர்கிறது. இது பொதுவாக 3 வாரம் வரை நிகழும். மூன்றாம் நிலையில், தாறுமாறாகக் கிடக்கும் தழும்பிழைகள், தசை இழுபடும் திசைக்கேற்ப ஒழுங்காக அமைகின்றன. இதற்குப் பல வாரங்களும், பெருங்காயங்களில் சில மாதங்களும் ஆகும்.

இம்மூன்று நிலைகளையும் அறிந்தோர்க்கு, சிகிச்சையின் காலம் தானே விளங்கும். முதல் நிலையில் அழுத்தித் தேய்த்தால், அடைபட்டுவரும் இரத்தக் குழாய்கள் மீண்டும் திறந்து கசிவு மிகும். அடிபட்ட தசையை மீண்டும் மீண்டும் நசுக்குவதால் தசையினுள்ளே சுண்ணாம்புச் சத்துப் படிந்து எலும்புபோல் இறுகிவிடுதலும் உண்டு. மாறாக, இரண்டாம் மூன்றாம் நிலைகளில் ஒன்றும் செய்யாது நாயைக் கட்டியே வைத்திருப்பின், தழும்பு தடித்து, தசை குறுகி, நொண்டுதல் நிலைத்துவிடும்.

முதல் மூன்று நாட்கள்: ஓய்வும் குளிர்ச்சியும்

அடிபட்ட நாளிலிருந்து 3 நாட்கள் தடவுதல் வேண்டா, எண்ணெய் வேண்டா, சூட்டொத்தடமும் வேண்டா. இம்மரபு வேரூன்றிய ஊர்களில் இவ்வொரு செய்தியை மக்கள் மனத்தில் பதியவைத்தலே பணியாளரின் முதற்கடன்.

நாயைச் சிறிய அறையிலோ கூண்டிலோ வைத்து ஓடவும் குதிக்கவும் விடாமற் காத்தல் வேண்டும். பனிக்கட்டியை நெகிழிப் பையிலிட்டு, அதன் மேல் துணி சுற்றி, காயமுற்ற இடத்தில் 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். நாளொன்றுக்கு 3 அல்லது 4 முறை இதனைச் செய்யலாம். பனிக்கட்டி நேரே தோலிற் படலாகாது. அது கிடைக்காத இடத்தில், குளிர்ந்த கிணற்று நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அடிக்கடி மாற்றிப் போடுதல் போதுமானது. மலசலங் கழிக்க மட்டும் கயிற்றில் பிடித்து மெதுவாக நடத்தல் வேண்டும்.

தடவு முறை

3 நாட்களுக்குப் பின், வீக்கமும் வெப்பமும் தணிந்து, தசைக்காயமே என மருத்துவர் உறுதிசெய்த பிறகு, தடவு சிகிச்சை தொடங்கலாம்.

முன்னேற்பாடு: உணவுண்ட உடனே செய்யலாகாது. அமைதியான இடத்தில் பாயோ சாக்கோ விரித்து, காயமுற்ற கால் மேலே இருக்குமாறு நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்தல் வேண்டும். நாய்க்குப் பழக்கமான வீட்டார் ஒருவர் தலைப்பக்கம் அமர்தல் நன்று. வலியுற்ற நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கக்கூடும். அவசியமாயின் வாய்க்கட்டுப் போடலாம். ஆனால் மூச்சிரைக்கும் நாய்க்கும், குட்டை மூக்கு நாய்க்கும் துணியால் வாயைக் கட்டுதல் ஆபத்தானது. செய்பவர் நகம் வெட்டி, கைகளைக் கழுவி, மோதிரம் வளையல்களைக் கழற்றிவிடல் வேண்டும். கையில் புண்ணிருப்போர் இப்பணியில் ஈடுபடலாகாது.

வெதுவெதுப்பு: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை முதலில் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, சுடாதென்று தெளிந்தபின், காயமுற்ற தசைமேல் 10 நிமிடம் வைக்கலாம். தசை இளகும்.

முதற்படி, தடவல்: உள்ளங்கையைப் படியவைத்து, பாதத்திலிருந்து உடல் நோக்கி, மென்மையாக நீண்டு தடவுதல். அழுத்தம், மூடிய கண்ணிமையின்மேல் தாங்கக்கூடிய அளவினதாக இருத்தல் வேண்டும். கால்களில் எப்போதும் இதயத்தை நோக்கியே தடவுவது, தேங்கிய நீர் திரும்பிச் செல்ல உதவும். இது 2 அல்லது 3 நிமிடம்.

இரண்டாம் படி, பிசைதல்: தசையை விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் இடையே மெல்ல எடுத்து, அழுத்தி, விடுதல். மாவு பிசைதல் போன்ற செயலே ஆயினும், மாவுக்குச் செலுத்தும் விசையில் சிறு பங்கே இதற்குப் போதும். காயத்தின் மையத்திலன்றிச் சுற்றுப்புறத்தில் தொடங்கி, நாளுக்கு நாள் மெல்ல மையத்தை அணுகுதல் வேண்டும். எலும்பு முனைகளின்மேலும், வயிற்றின்மேலும், கழுத்தின் முன்புறத்திலும் அழுத்தலாகாது. இது 3 முதல் 5 நிமிடம்.

மூன்றாம் படி, குறுக்குத் தேய்ப்பு: விரல் நுனியால் நார்களுக்குக் குறுக்காகச் சிறு வட்டங்களில் தேய்த்தல். தழும்பு ஒட்டிக்கொள்ளாதிருக்க இது உதவுமெனக் கருதப்படுகிறது. 3 வாரங்களுக்குப் பின், கால்நடை மருத்துவர் காட்டிக்கொடுத்த இடத்தில் மட்டும் இதனைச் செய்யலாம்.

நான்காம் படி, மூட்டசைவு: மூட்டின் மேலும் கீழும் கையால் தாங்கி, வலியின்றி மடங்கும் அளவுக்கே மடக்கி நீட்டுதல், ஒவ்வொரு மூட்டுக்கும் 10 முறை. வலுவந்தமாக இழுத்தல் கூடாது. பின்பு மீண்டும் 1 நிமிடம் தடவி முடித்தல் வேண்டும்.

முதல் நாளில் எல்லாம் சேர்ந்து 5 நிமிடத்துக்கு மேற்படலாகாது. நாய் பழகியபின் 10 அல்லது 15 நிமிடம் வரை, நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ செய்யலாம். முடிந்தபின் சமதரையில் 5 நிமிடம் மெதுவாக நடத்துதல் நன்று. நடையை வாரந்தோறும் சிறிது சிறிதாக நீட்டலாம். தடவுதலைவிட அளவான நடையே தசைக்கு வலிமை தருவது என்பதை மறத்தலாகாது.

நாய் பேசாது, அதன் உடலே பேசும். கையை நோக்கித் தலையைத் திருப்புதல், உதட்டை நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், தோல் துடித்தல், மூச்சை அடக்குதல், உறுமுதல் ஆகியவை வலியின் அறிகுறிகள். அவை தோன்றின் அழுத்தத்தைக் குறைத்தலோ நிறுத்துதலோ வேண்டும். மறுநாள் நொண்டுதல் மிகுந்திருப்பின், முந்தைய நாளின் சிகிச்சை மிகையாயிற்று என்பது பொருள்.

எண்ணெயும் மருந்தும்

மனிதனுக்கும் நாய்க்கும் இவ்விடத்தில் பெரும் வேற்றுமை உண்டு. மனிதன் தடவிய எண்ணெயை நக்குவதில்லை, நாய் நக்கிவிடும். முறிவெண்ணெய், கற்பூராதித் தைலம் முதலியவை எல்லைக் கிராமங்களில் பல வீடுகளில் உள்ளவை. கற்பூரம் கலந்த தைலங்களை நக்கிய நாய்க்கு வாந்தியும் வலிப்பும் நேரக்கூடும். வலிநீக்கிக் களிம்புகளில் மணமூட்டும் குளிர்ப்பச்சைத் தைலமும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது. தடவு சிகிச்சைக்கு எண்ணெய் இன்றியமையாததன்று. உலர்ந்த கையே போதுமானது; ரோமம் அடர்ந்த நாய்க்கு எண்ணெயால் தோல் அழுக்கேறிப் புண்ணும் உண்டாகும்.

மனிதருக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் அதனினும் கொடிது. பாரசிட்டமால் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும்; இபுபுரூபனும் டைகுளோஃபினாக்கும் இரைப்பையில் புண்ணையும் குருதிப்போக்கையும் விளைக்கும். வலியை மறைக்கும் மருந்தால் நாய் காலை ஊன்றி ஓடத் தொடங்கி, பாதி ஆறிய தசையை மீண்டும் கிழித்துக்கொள்ளும் என்பதும் கருதத்தக்கது.

அறிவியற் சான்றுகள்

ஐரோப்பாவில் ஸ்வீடன் நாட்டின் பெர் ஹென்ரிக் லிங் (1776–1839) உடற்பயிற்சியை மருத்துவத்தோடு இணைத்தார். ஹாலந்தின் யோஹான் மெட்ஸ்கர் (1838–1909) தடவல், பிசைதல், தேய்த்தல், தட்டல் என்ற பாகுபாட்டை நிலைநிறுத்தினார். அமெரிக்காவில் விலங்குகளின் உடற்பயிற்சி மருத்துவமும் மறுவாழ்வு சிகிச்சையும் தனிச் சிறப்புத் துறையாக 2010ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டன.

தடவுதலால் தசையினுள் நிகழ்வது யாது? கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2012இல் 11 இளைஞர்களைக் கடுமையாக மிதிவண்டிப் பயிற்சி செய்யவைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் தடவி, இரு கால்களிலிருந்தும் சிறு தசைத் துணுக்குகளை எடுத்து ஒப்பிட்டனர். தடவிய காலில் அழற்சியைத் தூண்டும் இரசாயனக் குறிகள் குறைந்திருந்தன. அணுக்களின் சக்தி நிலையங்களைப் பெருக்கும் குறிகள் மிகுந்திருந்தன. ஆனால் தசையில் தேங்கும் பாலமிலத்தைத் தடவுதல் வெளியேற்றும் என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதரவு கிட்டவில்லை.

2021இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர், காயமுற்ற எலிகளின் கால் தசைகளை, அழுத்தத்தை அளந்து செலுத்தும் சிறு பொறியால் 14 நாட்கள் அழுத்திவந்தனர். அவ்வாறு செய்யப்பட்ட தசைகளில் வெள்ளணுக்களும் அழற்சிப் பொருள்களும் விரைவாக அகன்று, நார்கள் பருத்து, வலிமை மிகுதியாகத் திரும்பிற்று. அவ்வெள்ளணுக்கள் முதல் நாட்களில் வேண்டப்படுவன, பின்னர் நீடித்திருப்பின் நார் வளர்ச்சிக்குத் தடையாவன என்பதும் அவ்வாராய்ச்சியில் விளங்கிற்று. காலமறிந்து செய்க என்னும் விதி இதனால் உறுதிப்படுகிறது.

இவை மனிதரிலும் எலியிலும் கண்டவை. நாய்களில் நடந்த சோதனைகள் சிலவே. ஆதலின் மிகைப்படக் கூறுதல் தகாது. அறுந்த தசைநாணைத் தடவுதல் ஒட்டவைக்காது. வேட்டை நாய்களின் தோளில் ஒரு தசை நாராக இறுகி, முன்பாதம் வெளிப்புறமாக வீசி நடக்கும் நோய்க்கு அறுவையே பயன் தருகிறது. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களின் தொடைத் தசை இறுகும் நோயோ அறுவைக்குப் பின்னும் மீண்டும் வரும் இயல்பினது. சிறிய, நடுத்தரக் காயங்களில் வலியைத் தணித்து, அசைவைக் காத்து, நாயை மீண்டும் நடைக்குப் பழக்குதலே தடவு சிகிச்சையின் எல்லை.

பதிவும் சட்டமும்

ஒவ்வொரு நாய்க்கும் ஒரு தாள் வைத்து, நாள், உடல் வெப்பம், நொண்டுதலின் படி, தொடையின் சுற்றளவு ஆகியவற்றைக் குறித்துவருதல் வேண்டும். நொண்டுதலை 0 முதல் 4 வரை மதிப்பிடலாம்: 0, இயல்பான நடை, 1, கூர்ந்து நோக்கினால் மட்டும் தெரிவது, 2, தெளிவாகத் தெரிவது, 3, விரல்களை மட்டும் ஊன்றுவது, 4, ஊன்றாதது. சுற்றளவை இரு தொடைகளிலும் ஒரே உயரத்தில் நாடாவால் அளந்து ஒப்பிட்டால், தசை மெலிதலும் தேறுதலும் விளங்கும். 7 நாட்களில் முன்னேற்றம் இல்லையெனில் மருத்துவரிடம் மீண்டும் காட்டல் வேண்டும்.

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற மருத்துவரே விலங்கு மருத்துவம் செய்யத்தக்கவர். உரிய சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள், மாநில அரசின் ஆணைக்கிணங்க, அவர் மேற்பார்வையில் சிறு பணிகளைச் செய்யலாம். பணியாளரின் பங்கு, நோயைத் தீர்மானிப்பதன்று. மருத்துவர் தீர்மானித்ததை வீட்டாருக்குச் செய்து காட்டுவதாகும். வர்ம முறை அறிந்த பெரியோரை எதிர்த்துப் பேசுதலால் பயனில்லை. அவர்களது விரல்களின் நுட்பம் மதிக்கத்தக்கது. காலமும், நோயின் வேற்றுமையும், நாயின் இயல்பும் எடுத்துரைக்கப்படின் அவர்களே நல்ல துணைவராவர்.

ஆசிரியர்கள், பள்ளியருகே அடிபட்ட நாயை மாணவர் தொடாதிருக்கவும், கடியையும் கீறலையும் பெற்றோருக்கு அஞ்சி மறைக்காதிருக்கவும் கற்பித்தல் வேண்டும். கடிபட்ட சிறுவன் திட்டுக்கு அஞ்சி மறைத்த ஒரு நாள், அவன் உயிருக்கு விலையாகக்கூடும். இரக்கம் நற்குணமே, அறிவோடு கூடிய இரக்கமே நாயையும் காக்கும், மனிதனையும் காக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. அடிபட்ட முதல் 3 நாட்களில் தடவுதல் ஏன் விலக்கப்பட்டது?

2. ஊமை வெறி கொண்ட நாயை அடிபட்ட நாய் என மயங்குதற்குக் காரணமான குறிகள் எவை?

3. முன்கால் நொண்டுதலையும் பின்கால் நொண்டுதலையும் எவ்வாறு பிரித்தறியலாம்?

4. மனிதருக்கான தைலங்களை நாய்க்குப் பயன்படுத்தலாகாது என்பதை வீட்டாருக்கு எங்ஙனம் விளக்குவீர்?

5. நாயின் எச்சில் கைக்கீறலில் பட்டால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுக.